ஓசியில் கிடைத்த வள்ளல்

“இறங்கு. முதல்ல கீழ இறங்கு,” என்றாள் அம்மா.

மகள் முக்காலி மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாதானாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

“அந்தாளேதான். கோட்டு மட்டும் ஸ்டூடியோவோடது.”

படத்தின் கீழே, ஊருக்குக் குடிநீர்க் கிணறு வெட்டிக் கொடுத்த வள்ளல் என்று எழுதியிருந்தது.

அம்மா பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து காசு வாங்குகிறவள். இன்று அவளுக்கு விடுமுறை. நுழைவு இலவசம் என்று மகள் இழுத்து வந்திருந்தாள். நூலக மாடியில் இரண்டு அறை; அதுதான் ஊர் அருங்காட்சியகம். உடைந்த தராசு, பழைய தபால்பெட்டி, அதற்கடுத்து அப்பா.

அவருக்கு ஊரில் ஓசி என்று பெயர். சிகரெட்டுக்கு ஒருவர், தீப்பெட்டிக்கு இன்னொருவர். எந்த வேலையிலும் மதியச் சாப்பாட்டைத் தாண்டி நின்றதில்லை. ஸ்டூடியோக்காரர் கண்ணாடி அலமாரியில் மாதிரிக்கு வைக்க ஒரு முகம் தேடியபோது, ஒரு டீக்காகக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படத்தை அதன் சட்டத்துக்காக விற்றுவிட்டார். மகள் வயிற்றில் இருக்கும்போதே செத்தும் போனார். நாற்பது வயதில் இன்றுதான் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

“வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்கினதில்ல. கிணறு வெட்டினாராம்!” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பொறுப்பாளர் வந்தார். வங்கிக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் மகள் இறங்கிய முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வள்ளலின் படம் எங்கேயும் கிடைக்கவில்லை. ஸ்டூடியோவை மூடியபோது குப்பையில் கிடந்த முகங்களில் இதுதான் பெரிய மனிதர் போல இருந்ததால் எடுத்து மாட்டினாராம்.

“எங்கப்பாவக் கழட்டிக் குடுங்க,” என்றாள் மகள்.

“தாயே, நாளைக்கு வள்ளலோட பேரன் வர்றார். கூரை ஒழுகுது, அவர் மனசு வெச்சாத்தான் உண்டு. வெறும் சுவத்தக் காட்டி என்ன கேப்பேன்?”

“உங்க கூரைக்கு எங்கப்பாதான் கெடைச்சாரா?”

அம்மா படத்தை அண்ணாந்து பார்த்தாள். “விடுடி. உசுரோட இருந்தப்ப நம்ம கூரையில ஒரு ஓடு மாத்தினதில்ல. செத்தாவது ஒரு வேலை பாக்கட்டும்.”

“அப்ப எனக்கு?”

“படம் உனக்குத்தான். ஒரு நாள் வாடகைக்கு விடறோம்.” அம்மா பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு நாங்களும் வருவோங்க. எங்க வீட்டு ஆள நம்ப முடியாது.”

மறுநாள் காலையில் பேரன் மனைவியோடு காரில் வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, தாத்தாவின் மூக்குதான் தனக்கும் என்றார். மனைவி இரண்டு மூக்கையும் பார்த்து ஆமாம் என்றாள். கூரையை மாற்றித் தருவதாகச் சொன்னார். படத்தைத் தன் வீட்டுக்குக் கேட்டார். நகல்தான் தர முடியும் என்று மகள் சொன்னாள். அவளை அங்கே வேலை செய்பவள் என்று நினைத்து அவர் சரி என்றார். கார் போனதும் பொறுப்பாளர் படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். மகள் அதை வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். அம்மா மதியம் வேலைக்குப் போனாள்.