மேல்வீட்டுச் சுடுதண்ணீர்

கனகாம்பிகை அக்காவை நான் முதலில் அறிந்தது சத்தங்களாகத்தான். லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவர் தனியாக இருக்கிறார். விடியப் பூசை மணி கேட்கும், பிறகு தேவாரம். வெள்ளிக்கிழமைகளில், தான் கட்டிய மாலைகளை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வானுக்காக வாசலில் நிற்பார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குப்பைப் பையைச் சரியான தொட்டியில் போடவில்லையென்று என் கணவர் யோகராஜாவை ஒருமுறை ஏசியதிலிருந்து, நாங்கள் இருவரும் அவருக்குப் பயம். கண்டால் சிரிப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

தை மாதத்தில் எங்கள் மகள் தக்ஷிகா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தாள். வந்த கிழமையே சுடுதண்ணீர் தரும் பொயிலர் நின்றுவிட்டது. திருத்த வந்த சுஜீத் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அன்ரி, இது இவ்வளவு காலம் ஓடினதே புண்ணியம். புதுசுதான் போடவேணும்."

பழையதன் புகை புகைபோக்கி வழியாக மேலே போனது. புதியதற்கு வெளிச்சுவரில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டுமாம். என் கணவர் வழக்கம்போல் கவுன்சிலுக்கு ஓடினார். லண்டனில் எதற்கும் கவுன்சில்தான் என்பது அவர் நம்பிக்கை. அவர்கள், சுவர் கட்டடச் சொந்தக்காரருடையது, அவரிடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தக்ஷிகா சொந்தக்காரரின் முகவருக்கு ஈமெயில் போட்டாள். மேல்வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லையென்று எழுத்தில் வந்தால் அனுமதி தரலாம் என்று பதில் வந்தது.

துளை வரவேண்டிய இடத்துக்கு நேர்மேலே இருப்பது அக்காவின் சாமி அறை ஜன்னல்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைத் துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் படியை மிதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய், உங்கள் சாமி ஜன்னலுக்குக் கீழே புகை விடப் போகிறோம் என்று எப்படிக் கேட்பது? அரைப்படி ஏறிவிட்டு இறங்கி வந்தேன்.

"ஒரு மாடிதானே அம்மா! நான் போய்க் கேக்கட்டே?" என்றாள் தக்ஷிகா. பச்சை உடம்புக்காரியை அனுப்ப எனக்கு மனமில்லை.

அதுவரை இரண்டு அடுப்பில் பானை வைத்துக் கொதிக்கவிட்டு, என் கணவர் தூக்கிக்கொண்டு போய் வாளியில் ஊற்றுவார். குளிக்கும் அறைக்குப் போவதற்குள் பாதிச் சூடு போய்விடும். வேப்பிலை போட்டு ஊற்றும்போதே தக்ஷிகாவுக்குப் பல் கிடுகிடுக்கும்.

ஒருநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா. படிக்கு வெளியே நின்றபடி கேட்டார்.

"என்ன, உங்களுக்குச் சுடுதண்ணி வாறேல்லையோ?"

"ஓம் அக்கா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்கடை குழாய்ச் சத்தம் கேக்கேல்லை. உம்மடை மனுசன் சட்டி பானை உருட்டுறதுதான் கேக்குது. எனக்குத் தேவாரம் மறந்துபோகுது. ஏன் சொல்லேல்லை?"

"துடக்கு வீடு அக்கா..."

"துடக்கெண்டால் வாயையுமோ கட்டிவைக்கிறது? பெடிச்சியை மேலை கூட்டிக்கொண்டு வாரும்."

இத்தனை வருடம் நான் அவர் சத்தங்களைக் கேட்டதுபோல அவரும் எங்களுடையதைக் கேட்டிருக்கிறார்.

சாமி அறைக்குத் திரையை இழுத்துவிட்டு, குளிக்கும் அறையில் சுடுதண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். தக்ஷிகா குளித்து முடியும்வரை என்னைக் குசினியில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். "குரோய்டனிலை நான் முதல் இருந்த அறையிலை சுடுதண்ணிக்கு மீற்றருக்குக் காசு போடவேணும். தலையிலை சோப்போடை நிக்கேக்கை நிண்டுபோகும்," என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் படியிறங்கும்போதே துடக்குப் போகப் பின்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. மறுநாளும் வரச்சொன்னார். பிள்ளையையும் கொண்டு ஒவ்வொரு நாளும் வரச்சொன்னார்.

வெள்ளிக்கிழமை கோயில் வான் வந்தது. அக்கா மாலையில்லாமல் வெளியே போய், சாரதியிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பியதை ஜன்னலால் பார்த்தேன். அன்று நானே மேலே ஏறிப் போனேன்.

"அக்கா, எங்களாலைதானே நீங்கள் கோயிலுக்குப் போகேல்லை?"

"கோயிலுக்கு என்னோடை வாற தயாளினி மாலை கட்டுவாள். அவள் கட்டுறது கோணல்தான். சாமி கொஞ்ச நாளைக்குக் கோணலாப் போடட்டும்."

அந்தத் தைரியத்தில்தான் துளை விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். "அந்தப் பொடியனை வரச்சொல்லும்" என்றார்.

சுஜீத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். "மணக்குமோ? விளக்கை அணைக்குமோ? நான் சாம்பிராணி போட, நீ கீழையிருந்து என்னத்தைப் போடப் போறாய்?"

"நீராவி மாதிரித்தான் வரும் அன்ரி. ஆனால் உங்கடை ஜன்னலடியிலை விடக்கூடாது. குழாயைத் தள்ளிக் கொண்டுபோய், வீட்டுக்குப் பக்கத்திலை போற ஒழுங்கைப் பக்கம் திருப்பிவிடுறன்."

"அப்ப ஏன் முதலே அதைச் சொல்லேல்லை?"

தக்ஷிகாவை எழுதச் சொல்லி, குழாய் ஒழுங்கைப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்க்கவைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கிழமை அனுமதி வந்தது.

துடக்குக் கழிவுக்குப் பிறகுதான் புதுப் பொயிலர் பூட்டி முடிந்தது. சுஜீத் குழாயைத் திறந்துவிட, கையை நீட்டினேன். நல்ல சூடு. பேத்தியின் உடுப்பைக் கழற்றத் தொடங்கியபோது மேலிருந்து குரல் வந்தது.

"பிள்ளையைக் கொண்டு வாரும், தண்ணி நிரப்பிப்போட்டன்!"

எங்கள் வீட்டிலும் வருகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். குழாயைப் பூட்டிவிட்டு, பிள்ளையைத் துவாயால் சுற்றிக்கொண்டு படியேறினேன்.