கழுவிய எஞ்சினில் கசிவு இல்லை

இன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன், அப்பா படித்தாலும் சரி.

எங்கள் பிக்கப் வண்டியில், எஞ்சினின் டர்போ பக்கம் சில நாட்களாக ஆயில் கசிகிறது. வாரண்டி இன்றோடு முடிகிறது. அதனால் பள்ளி விட்டதும் சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினோம்.

கிளம்பும் முன் அப்பா எஞ்சினை ஷாம்பு போட்டுக் கழுவினார். "டாக்டர்கிட்ட போறப்ப குளிச்சிட்டுத்தான போவோம்?"

சூப்பர்வைசர் டார்ச் அடித்துப் பார்த்தார். "லீக் எங்க, கிதர் ஹை சார்? ஏக்தம் புது வண்டி மாதிரி இருக்கு."

"காலையில வரைக்கும் ஒழுகுச்சே," என்றார் அப்பா, டாக்டரைப் பார்த்ததும் பிள்ளையின் காய்ச்சல் இறங்கிவிட்டால் விழிக்கும் தகப்பனைப் போல.

"லீக்கை போட்டோ எடுத்து மெயின்லேண்டுல இருக்கிற கம்பெனிக்கு அனுப்பினாதான் வாரண்டி கிடைக்கும். லோடு ஏத்தி ஓட்டிட்டு வாங்க."

வீட்டிலிருந்த தேங்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாத்தம் படகுத்துறை வரை போய், சர்வீஸ் சென்டருக்குத் திரும்பினோம். குனிந்து பார்த்தேன். டர்போவுக்குக் கீழே ஒரு சொட்டு!

"அங்கிள், ஒழுகுது!" என்று கத்தினேன். ஆயில் ஒழுகியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் இந்தத் தீவில் வேறு இருக்காது.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் முடிஞ்சுதும்மா. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வாரண்டி இருக்காதே, அங்கிள்?"

"லீக் இருக்கும்ல?"

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.