துலுக்கானத்தின் ஒளிச்சேர்க்கை

எந்தச் சொல்லையும் பிரித்துப் பொருள் சொல்லாவிட்டால் துலுக்கானத்துக்குச் சோறு இறங்காது. திருமழிசையில் பூர்வீக நிலம் தொழிற்பேட்டைக்குப் போக, மிஞ்சிய துண்டில் நர்சரி வைத்திருக்கிறார். போகன் என்ற பணக்காரன் தன் வில்லா வாசலில் வளர்த்ததுதான் போகன்வில்லா என்று சத்தியம் செய்வார். அதை நம்பி வாங்கிப் போனவர்களில் நானும் ஒருவன்.

துலுக்கானத்தின் மனைவி இறந்து பல வருடம். பக்கத்தில் இட்லிக் கடை நடத்தும் பொன்னம்மாளும் தனி ஆள். மதியம் கூட்டம் கலைந்ததும் நர்சரியின் பச்சை வலைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மகன் அசோக்கிடம் இதைச் சொல்ல மட்டும் மனிதருக்குத் தைரியம் வரவில்லை. பொன்னம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் எத்தினி நாளு மறைஞ்சி மறைஞ்சி துன்றது? பையனாண்ட சொல்லு. இல்லாங்காட்டி கடைய மூடிக்கினு ஆவடில தங்கச்சி ஊட்டுக்குப் போயிடுவேன்."

அவர் போய்விட்டால் அப்புறம் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று துலுக்கானம் தூக்கம் கெட்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டி மண் வாங்கப் போயிருந்தேன். அசோக்கும் இருந்தான். பக்கத்து அடுக்ககத்தில் குடியிருக்கும் அறிவியல் ஆசிரியை நிவேதிதா செடி பார்க்க வந்து, மஞ்சளாகிக் கிடந்த இலைகளைக் கண்டார்.

"அண்ணா, இந்த வலைக்குப் பின்னாடி ஒளிச்சேர்க்கை சரியா நடக்கலை."

துலுக்கானம் பிரித்தார். ஒளி, சேர்க்கை. அதாவது, ஒளிந்து ஒளிந்து வைத்துக்கொள்கிற சேர்க்கை! வெளிச்சத்துக்கும் மறைந்துகொள்வதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழியைத்தான் நான் குற்றம் சொல்வேன், அவரைச் சொல்லமாட்டேன்.

"யாரு சொன்னது? நல்லாத்தாம்மா நடக்குது!" என்றார். வியர்த்துக் கொட்டியது.

"இல்லண்ணா. எல்லாத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. தானா சரியாயிடும்."

அவ்வளவுதான். விறுவிறுவென்று போய், மாவுக் கையோடு இருந்த பொன்னம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மகன் முன் நிறுத்தினார். "டேய் அசோக்கு, டீச்சருக்கே தெரிஞ்சிபோச்சு. நானே சொல்லிடறேன். இவுங்கள நான் கட்டிக்கப்போறேன்."

நிவேதிதா பதறிப்போனார். ஒளி என்றால் வெளிச்சம், இலை வெளிச்சத்தைச் சேர்த்துக்கொண்டு தனக்குச் சாப்பாடு செய்வதைத்தான் சொன்னேன் என்று விளக்கினார். அசோக் தகப்பனையும் வாடின செடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நைனா, செடிய வெயில்ல வைக்கச் சொன்னா நீ இன்னா..." என்று ஆரம்பித்தவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

துலுக்கானத்துக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்போ டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாதா?" என்று முணுமுணுத்தபடி மெல்லக் கையை உருவப் பார்த்தார்.

பொன்னம்மாள் விடவில்லை. "இப்போ தெரிஞ்சிடுச்சில்ல? புடி கைய."