மாற்றுத் தொடர்பு எண்

கடன் விண்ணப்பத்தை மறுத்தால், மறுத்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவெடுத்தது மனிதனா இயந்திரமா என்று அந்த விதி கேட்பதில்லை. எனவே இயந்திரத்துக்கும் விலக்கு இல்லை. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இதைப் பிறருக்குச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான்.

தாராவியில் முறுக்கு சுட்டு விற்கும் பெண்மணிக்கு வந்ததோ ஒரு வரிக் குறுஞ்செய்தி: தகுதி இல்லை. பிழியும் மெஷின் வாங்க அவர் கேட்ட கடன் அது. தீபாவளிக்கு மூன்று கடைகளின் ஆர்டரை ஒப்புக்கொண்டிருந்தார். கையால் பிழிந்தால் ஒரு கடைக்கே காணாது. கடன் கம்பெனிக்குப் போன் செய்ததில், கணினியே பார்த்து முடிவெடுத்தது என்றார்களாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான் என்பதால் மாட்டுங்காவில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கம்ப்யூட்டருல்லா வேண்டாம்னு சொல்லிட்டாம். எம் முறுக்கு ஒண்ணையாவது கடிச்சுப் பாத்துச்சா சார்வாள் அது?”

“கடிக்கப் பல்லு வேணுமேம்மா. வாங்கோ, போய்க் கேட்டுடலாம்.”

கம்பெனியின் செம்பூர் கிளையில் இருந்த அதிகாரி நம்மூர்ப் பெண், முப்பது வயதிருக்கும்.

“க்யா கரூம் அங்கிள், நான் என்ன பண்றது, சிஸ்டம்தான் ரிஜெக்ட் பண்ணிருக்கு.”

“சிஸ்டத்துக்கு மேலதிகாரி யாரு?”

“அப்படி யாரும் இல்ல அங்கிள்.”

“குடுத்து வச்ச சிஸ்டம். எனக்கு ஒருநாள்கூட அப்படி வாய்க்கலை.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவர்கள் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள் என்பது என் அனுபவம். ஒரே மாற்றுத் தொடர்பு எண்ணில் பதினான்கு விண்ணப்பங்கள். மோசடிக் கும்பலாக இருக்கலாம் என்று சிவப்பில் குறித்திருந்தது. அந்த எண் என்னுடையது. முறுக்குக்காரர் இருக்கும் சந்தில் யாருக்கு நிரப்பினாலும் அந்தக் கட்டத்தில் என் எண்ணைத்தான் எழுதுவேன். கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் கூப்பிடும்போது மாவுக் கையோடு அவர்கள் திண்டாட வேண்டாமே என்றுதான்.

“அப்ப கும்பலுக்குத் தலைவரு நீங்கதானா சார்வாள்?” என்றார் முறுக்குக்காரர். “எங்களுக்கு ஒரு பங்கும் தரலியே!”

ஒரே எண்ணைப் பதினான்கு இடத்தில் கண்டிருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டிருப்பேன். அந்த ஒரு போனைத்தான் இவர்கள் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். எண் என்னுடையது, பிழையும் என்னுடையது. சந்தேகம் சரி, சந்தேகத்தையே தீர்ப்பாக்கியது தவறு. பெயரும் பதவியும் உள்ள ஒரு மனிதர் பதினான்கையும் படித்து, காரணம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நகல்: ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. அந்தக் கடைசி வரி இல்லாமல் நான் கடிதம் எழுதுவதில்லை.

பதில் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதி ஒரு மாதம் கொடுத்திருந்தது; கம்பெனி ஒரு நாளையும் வீணாக்காமல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதற்குள் முறுக்குக்காரர் ஒரு கடையின் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்ற இரண்டையும் விடவில்லை.

அவருடைய கடன் அனுமதிக்கப்பட்டது, மற்றப் பதின்மூன்றும் நேரில் விசாரிக்கப்படும் என்று ஒரு மேலாளர் தம் பெயரெழுதிக் கையெழுத்திட்ட கடிதம், வரலட்சுமி நோன்புக்கு முந்தின நாள், வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.