தேர் நாளில் கடைசிப் பரீட்சை

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். அப்பா, வாழைக்காய் மண்டியில் எடை போடுகிறவர். அம்மா. என் தங்கை, வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். டவுன் புத்தூரிலிருந்து வந்திருந்த அவளுடைய சிநேகிதி. கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. அந்தப் பெண்ணுடைய அண்ணன். உள்ளே வரவில்லை, வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். வீடு ஸ்ரீரங்கத்தில். எனக்கு இருபத்தாறு வயது, படிப்பு ஐந்தாம் வகுப்பு. திருச்சி டவுனில் சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். தங்கை டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருஷம். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசிப் பேப்பர். மறுநாள்தான் சித்திரைத் தேர்.

சிநேகிதி வந்தது அதற்காகத்தான்.

"தேர்க் கூட்டத்துல பஸ்ஸை நம்ப முடியாதும்மா. இன்னைக்கு ஒரு நாள் எங்க வீட்ல இருக்கட்டும். காலையில ரெண்டு பேரும் நடந்தே போயிடுவோம். இவளுக்காக எங்கம்மா இன்னைக்கு மீனே வாங்கல."

"அது சரி கண்ணு" என்றாள் அம்மா. "இந்தக் கணக்கைப் படிச்சா என்னதான் வேலை குடுப்பாங்க? நானும் மூணு வருஷமா கேக்குறேன். இவ சிரிக்கிறா."

அந்தப் பெண் விரலை மடக்கினாள். "பி.டி. படிச்சா டீச்சர். பேங்க் இருக்கு. டெலிபோன் ஆபீஸ் இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியில மனுஷங்க ஆயுசைக் கணக்குப் போட ஆள் எடுக்கிறாங்களாம். ஆனா அதுக்குப் பரீட்சை மேல பரீட்சை."

"ஆயுசைக் கணக்குப் போடறதா?" என்றார் அப்பா. "அது எமனோட உத்தியோகமில்ல?"

எல்லாரும் சிரித்தோம். வாசலில் நின்றவரும் சிரித்தார்.

"இவ அதுக்கெல்லாம் போக வேணாம்ப்பா. ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தா எங்க காலேஜ்லயே டியூட்டரா எடுத்துக்கிறேன்னு மதர் சொல்லிட்டாங்க. வேலை பாத்துக்கிட்டே மேல படிக்கலாம். இவளுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் நிச்சயம். இருக்கிறது ஒரே இடம்."

"ஒரே இடமா? அப்ப உனக்கு?"

"நான் எப்பவும் இவளுக்கு அடுத்ததும்மா."

"சும்மா இருடி" என்றாள் தங்கை.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே போகிற வருகிற விஷயமெல்லாம் எங்கள் வீட்டில் நான் சொல்வதுதான்.

"நம்ம பஸ் இருக்கையில யார் வீட்லயும் போய்த் தங்க வேணாம்" என்றேன். "எட்டரைக்கு அம்மா மண்டபம் ஸ்டாப்புல நில்லு பாப்பா. முன் சீட்டு உனக்கு. ஒன்பது மணிக்கு நீ டவுன்ல இருப்பே."

"நாளைக்குத் தேருண்ணே."

"தேர் தெருவுல ஓடுது. பாலத்துலயா ஓடுது?"

அப்பா சிரித்தார். சிநேகிதி சிரிக்கவில்லை.

நான் சொன்ன காரணம் பஸ். சொல்லாத காரணம் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. நல்ல மனிதர். நாங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் வீட்டுக்குள் ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்தும் சொன்னதை மாற்றவில்லை.

தங்கையின் கணக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் கண்டக்டராகச் சேர்ந்தபோது அவள் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் எத்தனை பேர் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கிழித்த கடைசி டிக்கெட்டின் நம்பரிலிருந்து முதல் டிக்கெட்டின் நம்பரைக் கழித்து எழுதுவேன். ட்ரிப்புக்கு ஒரு ஆள் குறையும். ஆபீஸில் தினமும் திட்டு. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"ஒண்ணாம் நம்பர்லேர்ந்து பத்தாம் நம்பர் வரைக்கும் கிழிச்சா எத்தனை பேருண்ணே?"

"பத்து."

"பத்துல ஒண்ணு போனா?"

"ஒன்பது."

"அப்ப மீதி ஒரு ஆளு ஜன்னல் வழியாக் குதிச்சிட்டானா? கழிச்சிட்டு ஒண்ணு கூட்டு."

அதிலிருந்து ஒன்று கூட்டினேன். திட்டு நின்றது.

தேரன்று எட்டு மணிக்குச் சத்திரத்தில் வண்டி எடுத்தோம். ஸ்ரீரங்கம் போய்த் திரும்புகையில் தங்கையை ஏற்ற வேண்டும். எடுக்கும்போதே வண்டி நிறைந்துவிட்டது. ஜீயபுரம் பக்கத்து ஜனம், மொட்டைத் தலைகள், இடுப்பில் குழந்தைகள். வழியெல்லாம் கை காட்டினார்கள். நான் எல்லா இடத்திலும் விசில் கொடுத்தேன்.

"போதும்யா. ரைட் குடு" என்றார் டிரைவர். "தங்கச்சி நிக்கும்னு சொன்னியே?"

"தேருக்கு வந்த சனம்ணே. விட்டுட்டுப் போனா பாவம்."

"உம் புண்ணியத்துக்கு எம் பிரேக்கு தேயுது."

எங்களுக்குப் பின்னால் கிளம்பிய வண்டி பாலத்துக்குப் பக்கத்து ஓடத்துறைக்கு முன்பே எங்களைத் தாண்டிப் போனது. அது பாலத்தில் ஏறியது. நாங்கள் பாலத்து முனைக்கு வந்தபோது போலீஸ்காரர் கையை நீட்டினார். அக்கரையில் மாட்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. இனி எந்தப் பக்கமும் வண்டி விடுவதற்கில்லை என்றார். அப்போது மணி எட்டே முக்கால்.

ஜனம் இறங்கி நடந்தது. வண்டி காலியானது.

அங்கிருந்து பாலத்தைக் கடந்து அம்மா மண்டபம் போக இருபது நிமிஷ நடை. டிரைவர் சொன்னார், "போய்ட்டு வாய்யா. பையைக் குடு, நான் பாத்துக்கறேன்."

"இதோ விட்ருவான்" என்றேன்.

ஒன்பதுக்கும் அதையே சொன்னேன். ஒன்பதேகாலுக்கும் சொன்னேன். நடந்து போனால் நேற்றுச் சொன்ன பேச்சு பொய்யாகிவிடும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

அக்கரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு அம்மா போய்ப் பார்த்தாளாம். இன்னும் ஏன் நிக்கிறே, நடடி என்றாளாம். "அண்ணன் வந்துரும்மா" என்றாளாம் இவள். அம்மா பிடித்துத் தள்ளிய பிறகுதான் கிளம்பினாள்.

பாலத்தில் அவளைப் பார்த்தேன். மொத்தக் கூட்டமும் ஸ்ரீரங்கத்தைப் பார்த்து வருகிறது. அவள் ஒருத்தி எதிரில். ஹால் டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு, ஜாமெட்ரி பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இரண்டு தோளையும் மாற்றி மாற்றி நுழைத்து வந்தாள். வண்டி பக்கத்தில் வந்ததும் ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்தாள்.

"மணி என்னண்ணே?"

"பத்து பத்து."

ஓடினாள். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் அடைத்து நின்றன, பஸ்ஸைத் திருப்ப வழியில்லை. ரிக்ஷா எல்லாம் தேர்ப் பக்கம் போயிருந்தன. அரை மணி தாண்டினால் பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். வேகமாக நடந்தால் காலேஜுக்கு முப்பது நிமிஷம். அவள் புடவையில் ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது. யுனிவர்சிட்டி சட்டம், ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த சிஸ்டர் அழுதாராம். தங்கை அழவில்லை. சாயங்காலம் என் வண்டியிலேயே வீட்டுக்கு வந்தாள். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்தாள்.

செப்டம்பரில் அந்தப் பேப்பரை எழுதினாள். நல்ல மார்க். ஆனால் இரண்டாம் தடவை எழுதியவர்களுக்குக் கிளாஸ் கிடையாது; வெறும் பாஸ். டியூட்டர் இடம் அதற்குள் புத்தூர்ப் பெண்ணுக்குப் போய்விட்டது. வேலையில் சேருவதற்கு முதல் நாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நான் வேணாம்னு சொல்லிடவாடி?"

"போடி. யாரோ ஒருத்தி போகணும்ல. போய்ப் பிள்ளைங்களுக்கு ஒழுங்காச் சொல்லிக்குடு."

இரண்டு பேரும் காபி குடித்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வெளியே அவள் அண்ணன் சைக்கிளோடு நின்றார். "உள்ள வாங்க" என்றேன். "பரவாயில்லைங்க" என்றார்.

தங்கை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தாள். காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க யாராரிடமோ நம்பர் கேட்டாள். பிறகு அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்குக் கட்டிக்கொடுத்தோம். குறை சொல்ல முடியாத மனிதர். கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று கல்யாணத்தின்போது கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றாள். அப்படியே பரணில் கிடக்கின்றன.

அந்த நாளைப் பற்றி அவள் பேசியது ஒரே தடவை. மாசமாக இருந்தாள். அம்மாவைப் பார்க்க என் வண்டியில் வந்தாள். வண்டி பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அந்த ட்ரிப்புல எத்தனை பேரை ஏத்துன?"

"யாரு கண்டா. எவ்வளவு நாளாச்சு."

"கழிச்சு ஒண்ணு கூட்டினாத் தெரியும்ல" என்றாள்.

நான் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே கணக்குப் பார்த்துவிட்டேன், போலீஸ்காரர் கை நீட்டி நிறுத்தியிருந்தபோது, காலி வண்டியில் உட்கார்ந்து. எல்லாரும் தேருக்கு, எல்லாருக்கும் ஒரே புத்தகத்து டிக்கெட். முதல் டிக்கெட் 3207. கடைசி டிக்கெட் 3300. கழித்து, ஒன்று கூட்டினேன்.

தொண்ணூற்று நான்கு.