'சொன்னார்' என்று எழுதாதவர்

பெருமாநல்லூரில் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், விசாரணை நடந்தால் பேச்சையெல்லாம் எழுதிக்கொள்ள ஆபீஸிலிருந்து ஒருவர் வருவார். முப்பது வயதிருக்கும், ஒடிசலான ஆள். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். யார் பேசினாலும் 'சொன்னார்' என்று மட்டும் எழுதவே மாட்டார். பேனாவை நிறுத்தி, மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, அதட்டினார், மழுப்பினார், முனகினார் என்று ஆளுக்கொரு சொல் தேடிப் போடுவார்.

ஒருநாள் குழந்தைச் சட்டை ஒன்றில் உடைந்த ஊசிமுனை இருந்தது. எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். தேடாமல் ஊசியை மாற்றியது டெய்லர் பெண்தான் என்று விசாரணையில் சூப்பர்வைசர் சாதித்தார். அவளுக்கு வேலை போய்விடும். "அப்புறம் தேடிக்கலாம், ஓட்டு" என்று புது ஊசியைக் கையில் கொடுத்து அவளை அவசரப்படுத்தியது அவர்தான். நான் காதால் கேட்டேன்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் என்னையே பார்த்தார்.

"தெரியலீங்க…" என்றேன்.

எழுதுகிறவரின் தாளை எட்டிப் பார்த்தேன். 'மென்று விழுங்கினார்' என்றிருந்தது.

"ஏனுங்க, சொன்னார்னு போடக்கூடாதுங்களா?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலீங்களேக்கா," என்றார். பேனாவை மூடவில்லை.

திக்கித் திக்கி நடந்ததைச் சொல்லி முடித்தேன். பாதியில் அழுதும்விட்டேன்.

அழுததற்கும் திக்கியதற்கும் அவரிடம் எத்தனையோ சொற்கள் இருந்திருக்கும். கையெழுத்துப் போடக் குனிந்தபோது பார்த்தேன்: 'சொன்னார்'.