என் முதுகில் போட்டுப் பார்த்த மெத்தை

பிள்ளைகளே, எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஆடு மேய்த்திருக்கிறேன், மாட்டுக்குப் புல் அறுத்திருக்கிறேன். குதிரையை முதன்முதலில் பார்த்தது பெரியவனான பிறகு, ஒரு கல்யாண ஊர்வலத்தில். படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. இப்போது பாக்கார் ஆராங்கில் வீடு, கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. ஆனாலும் குதிரை முதுகில் போடும் மெத்தையில் எது நல்லது, எது ஆகாதது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஒரு தடவை தப்பான மெத்தையை வாங்கி, ஒரு குதிரையின் முதுகைப் புண்ணாக்கினேன். அதனால் வந்த அறிவு இது.

என் மகளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமை காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, கரங்கான் போகிற வழியில் செம்பனைக் காட்டை ஒட்டியிருக்கும் ஒரு குதிரைக் கொட்டகைக்குப் போவேன். ஓர் அக்கா அதை நடத்துகிறார். மூன்று குதிரைகள். இரண்டு, கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமக்கப் போகும். மூன்றாவது ஒரு வயதான பழுப்புப் பெண்குதிரை. அதன் முதுகு குழிந்து, நடு எலும்பு மேலே தெரியும். எந்தச் சேணமும் அதற்குச் சரியாக உட்காராது. எடை குறைந்த பிள்ளைகள் மட்டும், சேணம் இல்லாமல், ஒரு மெத்தையைக் கட்டிக்கொண்டு ஏறலாம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த மெத்தையை அக்கா ‘பேட்’ என்பார். ஒரு பட்டை குதிரையின் வயிற்றைச் சுற்றி வந்து அதை இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் அது.

பள்ளிக்கூடத்தில் நாலு வார்த்தை பேசாத என் மகள், அந்தக் குதிரையிடம் வாய் ஓயாமல் பேசுவாள். அது ஒரு காதை மட்டும் பின்னால் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடக்கும். நான் முன்னால் கயிற்றைப் பிடித்துப் போவேன். அவள் என்ன பேசினாள் என்று இதுவரை நான் கேட்டதில்லை.

கொட்டகையில் இருந்த பழைய பேட் கிழிந்துபோனது. புதுசு நான் வாங்கி வருகிறேன் என்று சொன்னேன். வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் கைப்பேசியில் தேடினேன். சிவப்பு நிறத்தில், கனத்த மெத்தை மாதிரி ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் கால் வைக்க இரும்பு வளையங்கள் தொங்கின. பார்த்ததும் பிடித்துப் போனது. பிள்ளையை மோட்டாரில் ஏற்றினால் நாம் முதலில் என்ன சொல்வோம்? “கால கம்பி மேல வை” என்றுதானே? கால் ஊன்ற இடம் இருந்தால் பிள்ளை விழாது. என் புத்தி அப்படித்தான் போனது.

அதை எடுத்துப் போன சனிக்கிழமை, அக்கா கல்யாணத்துக்குப் போகும் குதிரைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கத்தினார்.

“அண்ணே! அது என்னா மோட்டாரா? அந்த வளையத்த கழட்டுங்கலா!”

“சரிக்கா, கழட்டிடுறேன்.”

கழற்றவில்லை. பயம். பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அக்கா அடுத்த சனிக்கிழமையும் வெளியூரில் இருந்தார். நானும் கேட்பார் இல்லாமல் அதே மெத்தையைக் கட்டி, அதே வளையத்தில் மகளின் காலை வைத்து நடத்தினேன்.

மூன்றாம் சனிக்கிழமை, சவாரி முடிந்து பேட்டை எடுத்தபோது நடு எலும்பின் இரண்டு பக்கமும் மயிர் தேய்ந்து, தோல் சிவந்து ஈரமாக இருந்தது. சுற்றிலும் வீக்கம். விரலை அருகே கொண்டுபோனேன். குதிரை காதுகளை மடக்கிக்கொண்டு முதுகைக் கீழே இறக்கியது. கத்தவில்லை, உதைக்கவில்லை. விலகத்தான் பார்த்தது.

அன்று அக்கா இருந்தார். என்னை அவர் திட்டியதை முழுவதும் எழுத முடியாது.

“வாயில்லா ஜீவன் அண்ணே! உங்கள மாதிரி எம்சி லீவு எடுத்துட்டு வீட்டுல படுக்குமா அது? நான் கழட்டச் சொன்னேன்ல?”

“தப்புதான்க்கா.”

“மூணு வாரத்துக்கு யாரும் ஏறக்கூடாது. அப்பறம் நல்ல பேட் கொண்டாங்க, ஒரே ஒரு தடவ பாப்போம். மறுபடி புண்ணாச்சுன்னா அதோட முடிஞ்சது. அது பாட்டுக்குப் புல்ல தின்னுட்டு நிக்கட்டும். ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்.”

அந்தத் திட்டுக்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் கவனிக்கத் தவறியது வேறு ஒன்று. என் மகள் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் வீட்டில் அவள் இரண்டாவது தோசையைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அவள் அம்மாதான் முதலில் பிடித்தாள். உட்கார வைத்துக் கேட்டபோது பதில் வந்தது.

“நாந்தாம்மா கனமாயிட்டேன். அதான் அதுக்குப் புண்ணு.”

நான் அடுத்த அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, “இல்லம்மா, தப்பு அப்பாவோடது, அப்பா வாங்குன பேட்டுதான் சரியில்ல” என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. அவள் மனசு நோகக்கூடாது என்று அப்பா பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டாள். சனிக்கிழமை வந்தாள், குதிரைக்கு மருந்து தடவினாள், வாளியில் தண்ணீர் வைத்தாள். ஆனால் இனிமேல் ஏறமாட்டேன் என்றாள். அதனிடம் பேசவும் இல்லை.

குதிரையின் புண் ஆறிக்கொண்டு வந்தது. இவளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் பினாங்கில் இருக்கிறார். குதிரைச் சாமான்கள் விற்பவர். அவரிடம் பேசி, இரண்டு பேட்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வாங்கிக் கொடுத்தார் அக்கா. என்மேல் இருந்த கோபம் தீராமலேதான் செய்தார். “அழுக்காக்காம பாருங்க. போட்டோவ பாத்து வாங்குறவரு நீங்க. இந்தத் தடவ கைய வச்சுப் பாருங்க” என்றார்.

வீட்டு முன்வாசலில் மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றையும் பரப்பினேன். பழைய சிவப்பு, கடைக்காரர் கொடுத்த நீலம், அப்புறம் பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஒன்று. முதலில் எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்தினேன். அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. ஏனென்றால் என் வேலையே அதுதான். எங்கள் தொழிற்சாலையில் உடையக்கூடிய கருவிகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன் சுற்றிலும் வைக்கிற பஞ்சை நான் சோதிப்பேன். தொட்டால் சுகமாக இருக்கிற பஞ்சு, கனம் ஏறியதும் அப்பளமாகிவிடும், அடி நேரே சாமானில் இறங்கும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறவன் நான். ஒரு இயந்திரத்துக்குப் பார்த்த அக்கறையை ஓர் உயிருக்குப் பார்க்கவில்லை. சிவப்பு மெத்தையை அழுத்தினால் விரல் அடியில் தரையைத் தொட்டது. நீலமும் அப்படித்தான், கொஞ்சம் தேவலாம். பழுப்பு மட்டும் விரலைப் பாதியில் நிறுத்தியது. அதன் அடிப்பக்கம் கம்பளி. தட்டித் தட்டி இறுக்கிய கம்பளி.

விரல் சொன்னது சரி. முதுகு என்ன சொல்லும்? குதிரையைக் கேட்க முடியாது. எனக்கு முதுகு இருக்கிறதே!

சட்டையைக் கழற்றிவிட்டு முன்வாசலில் கையையும் முட்டியையும் ஊன்றி நின்றேன். “அந்தச் சிவப்ப தூக்கி என் மேல போடு” என்றேன் மனைவியிடம். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வேலியோரம் வந்துவிட்டார்.

“லூ ஜாடி கூடா கா?” என்றார் மலாயில், நீ குதிரை ஆகிவிட்டாயா என்று.

“ஜாடி லா, அங்கிள்!” என்றேன், ஆகிவிட்டேன் என்று.

“பட்டைய எங்கங்க கட்டுறது? உங்க தொப்பையத் தாண்டி எட்டாது போல” என்றாள் மனைவி.

“குதிர வயித்துக்கே எட்டுது, என் வயித்துக்கு எட்டாதா?”

“அது அளவா திங்குது.”

என் மகளும் சிரித்துவிட்டாள். பல நாள் கழித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள், “ஏறும்மா” என்றேன். மாட்டேன் என்றாள். “அப்பா வலிச்சா சொல்லுவேன்ல? குதிர மாதிரியா நான்? ஏறு.” அவள் அம்மா அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். மகள், தரையில் இடிக்காமல் ஏற்றிக் கட்டியிருந்த வளையத்துக்குள் கால் வைத்தாள்.

பிள்ளைகளே, நான் போட்ட சத்தத்தில் அங்கிள் வேலியைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய எடை முழுவதும் வளையத்தின் வழியாக ஒரு ஒடுங்கிய பட்டையில் இறங்கி, என் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு இடத்தில் குத்தியது. சேணத்துக்கு உள்ளே ஒரு கட்டுமானம் இருக்கும், அது எடையைப் பரப்பிவிடும். இந்த மெத்தைக்குள் அப்படி ஒன்றும் கிடையாது. அவள் ஒரு காலை மட்டும் ஊன்றியதும் மெத்தையே அந்தப் பக்கமாக உருண்டது. விழாமல் இருக்கட்டும் என்று நான் ஆசைப்பட்ட அந்த வளையம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

“எங்கப்பா வலிக்குது?”

“கைய வச்சுப் பாரு.”

அவள் இறங்கி, மெத்தையைத் தூக்கி, என் முதுகைப் பார்த்தாள். கையை வைத்துத் தடவினாள். சிவந்திருந்த இரண்டு இடங்களும் குதிரையின் புண் இருந்த அதே இடங்கள்.

நீலத்தைப் போட்டோம். அதில் வளையம் இல்லை, ஆனால் பஞ்சு அமுங்கி நடு எலும்பில் இடித்தது. வேர்வையும் உடனே பிசுபிசுத்தது. பிறகு பழுப்பு. அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டுத் தைத்திருந்தார்கள், எலும்பு எதையும் தொடாதபடி. வயிற்றுப் பட்டை உள்ளங்கை அகலம். கொக்கி தோலில் படாமல் அதற்கு அடியில் ஒரு துண்டு. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு தொடைகளின் சூடும் தெரிந்தது, எடை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

“ஏறிட்டியா?” என்று கேட்டேன்.

“ஏறிட்டேன்பா! தெரியலயா?”

“தெரியலலா.”

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள், “அப்பா, மூணுலயும் ஒரே ஆளுதானே ஏறுனேன்?”

“ஒரே ஆளுதான்.”

“ஒரே கனந்தானே?”

“ஒரே கனந்தான்மா.”

அன்றைக்குத் தோசை எத்தனை சாப்பிட்டாள் என்று நான் எண்ணவில்லை. அவள் அம்மா இரண்டாவது தடவை மாவு எடுக்க உள்ளே போனாள், அது தெரியும். பழுப்பு மற்றதைவிட விலை கூடத்தான். அதையே வாங்கினோம்.

மூன்று வாரம் முடிந்தது. சனிக்கிழமை காலை. அக்கா முதலில் புண் இருந்த இடத்தைத் தடவி, புது மயிர் வந்திருப்பதைக் காட்டினார். பேட்டைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னுக்கு இழுத்தார், மயிர் படிந்தபடியே இருக்கட்டும் என்று. பட்டையை ஒரேயடியாக இறுக்காமல், நாலடி நடக்கவிட்டு மறுபடி இறுக்கினார். என் மகள் ஏறினாள். கால்கள் தொங்கின. நான் முன்னால் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அவளோ கால்களைத் தளரவிட்டு, இடுப்பை அதன் நடைக்கு விட்டுவிட்டாள். பாதி வட்டம் போவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள், அதன் ஒரு காது பின்னால் திரும்பியது.

இறங்கியதும் அக்கா பேட்டை நேராக மேலே தூக்கினார். இழுக்கவில்லை. வேர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தது. நடுவில், எலும்பின்மேல், ஒரு கோடு மாதிரி காய்ந்த மயிர். “பாருங்க. நடுக்கோடு பேட் படாததால காஞ்சது. ஈரத்துக்கு நடுவுல திட்டுத் திட்டா காஞ்சிருந்தாதான் அந்த எடத்துல அமுக்குதுன்னு அர்த்தம். இது நல்லாருக்கு” என்றார். நான் பெருமூச்சு விடுவதற்குள், “இப்பவே சந்தோசப்படாதீங்க. வீக்கம் மறுநாள்தான் தெரியும்” என்றார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியில் அக்காவின் குரல் பதிவு வந்திருந்தது. நான் மகளின் காதில் வைத்தேன்.

“தங்கச்சி, தடவிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. முதுகு வழுவழுன்னு இருக்கு. அடுத்த வாரம் வா. அப்பாகிட்ட சொல்லு, இந்தத் தடவ அவரு கண்ணு தெறந்திருக்குன்னு.”

அவள் அதை நாலு தடவை கேட்டாள். பூசையின்போது நான் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருந்தேன். இந்த மூன்று பேரையும் விட்டிருந்தேன். கோபத்திலும் எனக்கு உதவிய அந்த அக்கா, சிரித்துக்கொண்டே பட்டையைக் கட்டிய மனைவி, புண்ணாக்கியவன் பிடித்த கயிற்றுக்குப் பின்னாலேயே மறுபடியும் நடந்து வந்த அந்தக் குதிரை. மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் திரும்பிப் போய் நின்று, விட்டதைச் சொல்லி முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நான் மோட்டாரை நிறுத்துவதற்குள் அவள் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நான் போனபோது குதிரையின் முதுகை உள்ளங்கையால் நீவிவிட்டு, ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவலாம் என்று பட்டையைப் பிடிக்கப் போனேன்.

“நான் கட்டிக்கிறேன்பா. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றேன்.